கையால் திருப்புகிற பெட்டி

எங்கள் மாடி அறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதை யாராவது விலைக்குக் கேட்டு வந்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். போன வாரம் இஸ்திரிக்குப் போட்ட துணியை வாங்க வந்த எதிர்வீட்டுக்காரி, "சும்மா கிடக்கிற மெஷின்தானே, என் கொழுந்தனுக்குக் குடுத்துடுங்களேன்" என்றாள். "உன் வீட்டுல உன் புருஷன்கூடத்தான் சும்மா கிடக்கிறாரு, நான் கேட்டேனா?" என்றேன். தேய்த்து வைத்திருந்த துணியை வாங்காமலே போய்விட்டாள். போகட்டும். என் தங்கையைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்த வாய் அது. பெத்ததைப் போட்டுவிட்டு ஓடினவளாம், கல்நெஞ்சுக்காரியாம். கல்நெஞ்சு! அவள் நெஞ்சில் கொஞ்சமாவது கல் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு அப்படி நடந்திருக்காது.

நான் இஸ்திரி போடுகிறவள். தரைத்தளத்தில் முன்னறை கடை, பின்னறை வீடு. என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவர். வாயைத் திறந்தால் சாப்பாடு கேட்பதற்கு, இல்லாவிட்டால் கொட்டாவி விடுவதற்கு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை. அவள் புருஷன், குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே இன்னொருத்தியோடு போய்விட்டான். அவனுக்கு இதற்குமேல் ஒரு வார்த்தையும் செலவழிக்க மாட்டேன்.

அந்தக் குழந்தைதான் எங்கள் குட்டி. அவளுக்குப் பால்பல் முழுசாக முளைப்பதற்குள் தங்கை வெளிநாட்டு வேலைக்குப் போனாள். என் இடுப்பில் குட்டியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்று தெருமுனை வரைக்கும் தலையைத் திருப்பாமல் நடந்தாள். அதைத்தான் எதிர்வீட்டுக்காரி, "ஒரு தடவ திரும்பிப் பாக்கலையே, பாத்தீங்களா?" என்று ஊருக்கெல்லாம் சொன்னாள்.

அங்கே தங்கைக்குப் பச்சைக்குழந்தை பார்க்கிற வேலை. பிறந்த அன்றைக்குக் கையில் வாங்குவாள். குழந்தை எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டால் அந்த வீட்டில் வேலை முடிந்தது, அடுத்த வீடு, அடுத்த குழந்தை. எத்தனை குழந்தை என்று அவளுக்கே கணக்கில்லை. தொட்டிலுக்கு மேலே காமிரா வைத்திருப்பார்களாம். குழந்தை சிணுங்க ஆரம்பித்தால் அது அழுகையாவதற்குள் இவள் கை போய்விட வேண்டும். தாமதமானால் வீட்டுக்காரம்மா ஆபீசிலிருந்து போன் போட்டு, "உன்னை எதுக்கு வெச்சிருக்கோம்?" என்று கேட்பாளாம். அப்படியே வருஷக்கணக்கில் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப் பழகியவள். கடைசியில் இடுப்பு போனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேற முடியவில்லை என்றதும் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

அவள் வந்து இறங்கியபோது குட்டி என்னைவிட உயரமாகிவிட்டிருந்தாள். வாசலில் நின்று, "வாங்க" என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு பையைத் திறந்து படிக்க உட்கார்ந்துவிட்டாள். என்னை "நீ வா, நீ போ, உனக்கு ஒண்ணும் தெரியாது பெரியம்மா" என்று விரட்டுகிற பெண், பெற்றவளை மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவரிடம் பேசுவதுபோல "நீங்க" போட்டுப் பேசினாள். தங்கை அந்தத் தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்தாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

மாடி அறை காலியாகத்தான் இருந்தது. தங்கை அங்கே குடியேறினாள். இரண்டு கட்டில் வாங்கிப் போட்டாள். இரண்டாவது கட்டிலில் புது விரிப்பு, மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது. குட்டி ஒருநாளும் மேலே போகவில்லை. கேட்டால் படிப்பு என்பாள். பள்ளிப்படிப்பில் அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். அது முடிந்ததும் ஹாஸ்டல், பெரிய படிப்பு. தங்கை ஒரு நாள் என் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, துணியின் சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு வேற எதுவும் வேணாம்க்கா. அவ இங்கேர்ந்து போறதுக்குள்ள ஒரு தடவயாவது என்னை அம்மான்னு நினைச்சுட்டா போதும்."

"நினைக்காம? அம்மான்னுதானே கூப்பிடறா?"

"கூப்பிடறா."

சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தேன்.

பக்கத்து வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது. அது கத்தினால் தங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து நின்றுவிடுவாள். கையெல்லாம் சோறு, கண் மட்டும் சுவரைப் பார்க்கும். "உக்காருடி, அது யார் வீட்டுப் பிள்ளையோ" என்று நான் அதட்டினால் வெட்கப்பட்டு உட்கார்வாள். குட்டி தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

குட்டிக்கு உயிர் அவளுடைய காடைகள். அவள் சிநேகிதி ஒருத்தி வீடு மாறிப் போகும்போது கூண்டோடு கொடுத்துவிட்டுப் போனவை. ஒரு சேவல், மற்றதெல்லாம் பெட்டை. மாடிப்படித் திருப்பத்தில் கூண்டு. உள்ளங்கையில் அடங்கும் பிராணிகள், ஆனால் சேவல் கூவினால் என் வீட்டுக்காரரே விழித்துக்கொள்வார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளி போட்ட முட்டைகளைக் குட்டி பொறுக்கி வந்து எனக்குத் தருவாள். நான் அவித்து அவளுக்கே கொடுப்பேன்.

அந்தச் சேவலைப் பூனை கொன்றது. கம்பி இடுக்கில் கையை விட்டு இழுத்திருக்கிறது, தலை கிடைக்கவில்லை. குட்டி போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மறுநாள் சாப்பிடும்போது எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்:

"இன்னும் கொஞ்ச நாளைக்குப் போடற முட்டையிலதான் கரு இருக்கும். அப்புறம் எல்லாம் வெறும் முட்டை. அதுக்குள்ள பொரிக்க வெச்சா அவனோட குஞ்சாவது இருக்கும்."

"கூண்டுலயே விட்டுடு. அதுவே அடைகாக்கும்" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது பெரியம்மா. வீட்டுல வளர்க்கிற காடை அடை உட்காராது. முட்டைய போடும், அது பாட்டுக்குப் போயிடும். மெஷின்தான் காக்கணும்."

அவள் யாரையும் குத்திப் பேசவில்லை, அது எனக்குத் தெரியும். படித்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் தங்கையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு, "நான் வாங்கித் தரேன் அந்த மெஷின" என்றாள். குட்டி நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். வந்திறங்கிய நாளிலிருந்து அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பண்ணைச் சாமான் விற்கிற கடைக்கு மூவருமாகப் போனோம். தீவன மூட்டை வாசனையில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. கடைக்காரர் முதலில் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் காட்டினார். உள்ளே குண்டு பல்பு, மூலையில் தண்ணீர்க் கிண்ணம்.

"உள்ள ஃபேன் இல்லையா?" என்று குட்டி கேட்டாள்.

"எதுக்கும்மா ஃபேன்? முட்டைக்கு வேர்க்குமா?" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.

"ஃபேன் இல்லன்னா மேல ஒரு சூடு, கீழ ஒரு சூடு இருக்கும். நடுவுல இருக்கிறது பிழைக்கும், ஓரத்துல இருக்கிறது சாகும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்ததை எடுத்தார். தட்டு தானாகவே சாய்ந்து சாய்ந்து முட்டையைப் புரட்டுகிற பெட்டி. குட்டி தட்டின் குழியில் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள். "இது கோழி முட்டைக்கு. காடை முட்டை உள்ள உருண்டு உடைஞ்சிரும்" என்றாள். காடைக்கென்றே சின்னக் குழி உள்ள தட்டும் இருக்கிறது என்று அவர் ஓடிப்போய் எடுத்து வந்தார். அது கச்சிதமாகப் பொருந்தியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது, தும்மித் தும்மி மூக்கு கழன்று விழுகிற நிலை.

அப்போதுதான் தங்கை கடை மூலையில் இருந்த இன்னொன்றைக் காட்டினாள். ஃபேன் உண்டு, சூட்டைக் காட்டும் மீட்டர் உண்டு, மேலே கண்ணாடி போன்ற மூடி உண்டு. ஆனால் முட்டையை நாம்தான் கையால் திருப்ப வேண்டும். அது போதும் என்றாள்.

"ஏன்டி, தானா திருப்பறது கண்ணு முன்னாடி இருக்கு. உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றேன்.

அவள் என்னை ஓரமாக இழுத்துப்போய்க் காதில் சொன்னாள். "கையால திருப்பறதுன்னா அவ மேல வரணும்லக்கா. ஒரு நாளைக்கு மூணு தடவ திருப்பணுமாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "வாங்கித் தொலை" என்றேன்.

பெட்டியை ஜன்னல் வெயில் படாத மூலையில் வைத்தார்கள். நான் கீழே இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் மாடியில் விளக்கு மங்கும். அதற்காகத் தங்கை எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து தனி ஒயர் இழுத்தாள். வெறும் பெட்டியை ஒரு நாள் முழுக்க ஓட்டி, சூடு ஏறாமல் இறங்காமல் நிற்கிறதா என்று இரண்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். நான் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வதைக்கூட இவ்வளவு அமர்க்களமாகப் பார்த்ததில்லை. குட்டி ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் போட்டாள். வட்டம் மேலே இருந்தால் திருப்பிப் பெருக்கல் குறி மேலே வர வேண்டும். எது திரும்பியது, எது திரும்பவில்லை என்ற குழப்பம் வராது. பேனா கூடாதாம், மை ஓட்டுக்குள் இறங்கிவிடுமாம்.

காலையில் பல் தேய்க்கும் முன்பு குட்டி மேலே போவாள். மத்தியானம் தங்கை திருப்புவாள். படுக்கும் முன்பு மறுபடி குட்டி. படுக்கும் முன்பு போகிறவள் சில நாளில் அங்கேயே படுக்க ஆரம்பித்தாள். புது விரிப்பு கசங்கியது. என் அறையில் அவள் பாய் சுருட்டியபடி நின்றது. வயிறு எரிந்தது எனக்கு, பொய் சொல்ல மாட்டேன். பதினைந்து வருஷமாக என் முதுகில் காலைப் போட்டுத் தூங்கிய பெண். ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்தால் அந்த எரிச்சல் நிற்காது, ஓடிவிடும்.

ஒரு நாள் தங்கை கெட்டுப்போன இடுப்பை வைத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள். பெட்டி தீப்பிடித்துவிட்டதோ என்று நான் பதறிவிட்டேன்.

"அக்கா, அவ என்னை நீன்னுட்டா! 'மத்தியானம் நீ திருப்பினியா'ன்னு கேட்டா!"

"திருப்பினியா?"

"திருப்பினேன்."

"அப்புறம் என்ன, போய் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விளக்கை அணைத்துவிட்டு முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். புள்ளி ஓட்டில் ஒன்றும் சரியாகத் தெரியாது. இரண்டு தலையும் முட்டிக்கொண்டு, "இதோ நரம்பு", "அது புள்ளி", "இல்ல, அசையுது பாரேன்" என்று சண்டை போடும். நான் படியில் நின்று அதைக் கேட்டிருக்கிறேன். இருவருக்கும் சிரிப்பு ஒரே மாதிரி, மூக்கில் ஆரம்பித்து வாய்க்கு வரும். அதுவரை எனக்கு அது தெரியாது, ஏனென்றால் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசி மூன்று நாள் திருப்பக் கூடாது. தண்ணீரைக் கூட்டி வைத்து, மூடியைப் போட்டுவிட்டால் குஞ்செல்லாம் வெளியே வரும்வரை திறக்கக் கூடாது. குட்டி எங்கள் இருவருக்கும் பாடம் நடத்துவதுபோலச் சொன்னாள். திறந்தால் உள்ளே இருக்கிற ஈரக் காற்று போய்விடும். ஓட்டுக்குள் குஞ்சைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அது காய்ந்தால் ஈரக் காகிதம் ஒட்டிக்கொள்கிற மாதிரி குஞ்சின்மேல் ஒட்டி இறுகிவிடும். அப்புறம் அதால் திரும்ப முடியாது, மூச்சு முட்டிச் செத்துவிடும். ஓட்டில் துளை போட்டுவிட்டுக் குஞ்சு நெடுநேரம் சும்மா கிடக்கும், கத்தும், மறுபடி கிடக்கும். அது கஷ்டப்படுகிறது என்று நினைத்து யாரும் கை வைக்கக் கூடாது. வெளியே வந்த குஞ்சும் ஒரு நாள் முழுக்கத் தீனி இல்லாமல் உள்ளேயே இருக்கலாம்.

"புரிஞ்சுதா?" என்றாள். தங்கை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

குஞ்சு வருகிற நாளும் குட்டியின் பரீட்சையும் ஒன்றாக வந்தன. விடியும்போது முட்டைகளில் நட்சத்திரம் மாதிரி விரிசல். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டு குஞ்சுகள் வந்துவிட்டன. நனைந்த பஞ்சு போல விழுந்து, காலை உதைத்து, மற்ற முட்டைகளின்மேல் ஏறி விழுந்தன. குட்டி, "அம்மா, பாரேன்! அம்மா!" என்று கத்திக்கொண்டு தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தங்கை அசையவே இல்லை, அசைந்தால் அவள் கையை எடுத்துவிடுவாள் என்று பயந்தவள் மாதிரி நின்றாள். என்னைக் கேட்டால் அந்த நிமிஷத்திலேயே உலகம் நின்றிருக்கலாம்.

குட்டி பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் திரும்பி, "என்ன ஆனாலும் திறக்கக் கூடாது. நான் வந்துடறேன்" என்றாள்.

"போயிட்டு வா கண்ணு. நான் பாத்துக்கறேன்" என்றாள் தங்கை.

மத்தியானம் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு மேலே போனேன். மூடி கட்டிலின்மேல் கிடந்தது. தங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஈரத்துணி, ஒரு கையில் ஊசி முனை மாதிரி இருக்கிற இடுக்கி, மறு உள்ளங்கையில் பாதி ஓடோடு ஒரு குஞ்சு. ஓட்டைப் பிய்த்த இடத்தில் ரத்தம்.

"அடிப்பாவி! மூடுடி அதை!" என்று அலறினேன்.

"கத்துதுக்கா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. "காலைலேர்ந்து கத்துது. இது மூக்க மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு கத்துதுக்கா."

தட்டை அங்கேயே வைத்துவிட்டு மூடியை எடுத்து நானே மூடினேன். உள்ளே எல்லா முட்டையிலிருந்தும் சத்தம். கீச்கீச்சென்று, சின்னச் சத்தம்தான். "சரிக்கா, இனி தொடல" என்றாள். கீழே ஆள் கூப்பிட்டார்கள், இஸ்திரித் துணிக்கு. போய்விட்டு வந்து பார்த்தேன். மூடி மறுபடி கட்டிலில். வெந்நீரில் நனைத்த பஞ்சால் வேறொரு முட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவிவிட்டு ஒரு துண்டு ஓட்டைப் பிய்ப்பாள், ரத்தம் வந்தால் நிறுத்துவாள், மூடுவாள், சத்தம் கேட்டதும் திறப்பாள். கையைப் பிடித்து இழுத்தேன். "நீ வேணும்னா உக்காந்து பாருக்கா! கேட்டுட்டு உக்காந்திரு பாப்போம்! என்னால முடியல!" என்று என்மேல் சீறினாள். என் தங்கை என்னை எதிர்த்துப் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

குட்டி வந்தபோது மூடி மூடித்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்குள் எல்லாம் தெரிந்தது. காலையில் தானாக வந்த இரண்டு குஞ்சுகள் உலர்ந்து உருண்டையாக நின்றன. மற்றவை பாதி ஓட்டோடு, தோல் பழுப்பாகக் காய்ந்து ஒட்டி, கழுத்து வளைந்து கிடந்தன. துளை போட்ட முட்டைகளில் சத்தமில்லை. குட்டி பையைக்கூட இறக்கவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"திறந்தீங்களா?"

"கத்திச்சும்மா" என்றாள் தங்கை. "ரொம்பக் கத்திச்சு. உதவி கேக்கற மாதிரி இருந்துச்சு. எனக்குத் தாங்கல."

குட்டி கத்துவாள், எதையாவது தூக்கிப் போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் செய்திருக்கலாம். அவள் கட்டிலில் உட்கார்ந்து, மிகவும் மெதுவாகப் பேசினாள்.

"சின்ன வயசுல போன்ல நான் அழுவேன், ஞாபகம் இருக்கா? அழ ஆரம்பிச்சதும் நீங்க வெச்சிருவீங்க."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? உண்மைதான். குட்டி அழ ஆரம்பித்த உடனே அந்தப் பக்கம் போன் கட்டாகிவிடும். குட்டி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள், நான்தான் வாங்கி வைப்பேன்.

"கேக்க முடியலம்மா" என்றாள் தங்கை. "நீ அழுதா ஓடி வரணும்னு இருக்கும். வர முடியாது. அதான் வெச்சுடுவேன்."

"நீங்க வரணும்னு நான் அழல" என்றாள் குட்டி. "அவ்வளவு தூரத்துலேர்ந்து வர முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். சும்மா கேட்டுக்கிட்டு இருந்திருந்தா போதும். வைக்காம. நான் அழுது முடிக்கிற வரைக்கும்."

குட்டி எழுந்து, உயிரோடிருந்த இரண்டு குஞ்சுகளையும் தன் துப்பட்டாவில் பொதிந்துகொண்டு என் வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டாள். அட்டைப்பெட்டியில் பல்பு கட்டி அவற்றை வைத்துவிட்டு, என் அறையில் பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் மறுபடி என்னிடமே வந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டவள்தான். வந்து படுத்திருக்கிறாள், எனக்குச் சந்தோஷமே இல்லை.

மறுநாள் காலை டீ கொண்டு மேலே போனேன். தங்கை பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். செத்தவற்றை எல்லாம் எடுத்துவிட்டிருந்தாள் போல. பெட்டிக்குள் ஒரே ஒரு முட்டை மட்டும், ஓட்டில் சின்னத் துளையோடு. அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"ஒண்ணு இருக்குக்கா" என்றாள். "எல்லாத்தையும் எடுத்து மூடினப்புறம் இது ஆரம்பிச்சுது. நான் தொடல. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"டீயக் குடி."

"கை எடுத்தா திறந்துடுவேன்."

டம்ளரை நானே அவள் வாயில் வைத்துப் புகட்டினேன். கடைக்குக்கூடப் போகாமல் நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அது கத்தும். கத்தும்போதெல்லாம் தங்கையின் தோள் இரண்டும் தூக்கிக்கொள்ளும், முகமெல்லாம் வேர்க்கும். நிறுத்தும், மறுபடி கத்தும். வெயில் ஏற ஏறச் சத்தத்துக்கு நடுவே இடைவெளி நீண்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது, அதற்குக்கூட அவள் எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்கு முன்னாலேயே முட்டையில் சத்தம் நின்றுவிட்டது. நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இருவரும் எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குட்டி மேலே வந்தாள், அங்கே கிடந்த தன் துணிகளை எடுக்க. கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் கையில் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போய், தங்கை உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏதாவது உயிரோட இருக்கா?"

"இருக்கும்மா" என்றாள் தங்கை. "கத்துது. நான் திறக்கல."

குட்டி துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டிக்கு அருகில் மண்டியிட்டு, மூடியின்மேல் காதை வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். ஃபேன் ஓடுகிற சத்தத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், "சரி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். படியில் அவள் செருப்புச் சத்தம் முழுதாக அடங்கும்வரை தங்கை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நான் திறக்கவே இல்லக்கா" என்றாள். "நீதான் பாத்தியே. நீயே அவகிட்ட சொல்லு. நான் திறக்கவே இல்ல."